யோர்தான் துறையில் ஒரு சொல்

விவிலியத்தில் நீதித் தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் ஒரு கொடிய தேர்வைப் பற்றிப் பேசுகிறது. போரில் தோற்ற எப்ராயிமியர் யோர்தானைக் கடந்து தம் நாட்டுக்குத் திரும்ப முயல்கின்றனர். ஆற்றுத் துறைகளை முன்னரே கைப்பற்றி நிற்கும் கிலயாதியர், வருகிற ஒவ்வொருவனிடமும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லுமாறு கேட்கின்றனர். ‘ஷிபோலத்’ என்பது அச்சொல். தானியக் கதிரையோ நீரோட்டத்தையோ குறிக்கும் எளிய சொல்தான். எப்ராயிமியர் நாவில் ‘ஷி’ வருவதில்லை. ‘சி’ என்றே வரும். ‘சிபோலத்’ என்றவன் துறையிலேயே வெட்டுண்டான். அப்போரில் மாண்ட எப்ராயிமியர் 42,000 பேர் என்று அந்நூல் கணக்குச் சொல்கிறது. வடசொற்களை எழுதுவதற்கென்றே ஷகரத்தைக் கடன் வாங்கிக்கொண்ட தமிழராகிய நாம் அன்று அத்துறையில் நின்றிருந்தால், நம்மில் எத்தனை பேர் மறுகரை சேர்ந்திருப்போம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்று துறைகளில் வாளேந்தியவர் நிற்பதில்லை. ஆயினும், வேற்று நாட்டில் பணிசெய்ய வருவோரிடம், ‘உன் தொழிலை நீ அறிவாயா?’ என்று கேட்கும்போதே, ‘எங்கள் மொழி உனக்கு எப்படி வருகிறது?’ என்றும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் நிற்கவில்லை. கேட்பதில் தவறில்லை. இரு வினாக்களும் ஒன்றாகக் குழம்பி, எதற்கு விடை தவறியது என்றே தெரியாமற்போவதுதான் இடர். செவிலியர் தேர்வுகளின் வரலாற்றில் இக்குழப்பம் தெளிவாகப் பதிவாகியுள்ளது. மகளையோ மருமகளையோ வெளிநாட்டு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அவள் எழுதும் தேர்வுக்காக நவநாள் செபிக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உள்ளன. ஆகவே அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து தொடங்குவதே முறை. ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு அது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்ட ஸ்பெயின் அம்மக்களுக்குத் தன் மறையைத் தந்தது. தன் மொழியைப் பெரும்பாலோருக்குத் தரவில்லை. மறை போதித்த துறவியர் தகாலோக், செபுவானோ, இலோகானோ என்னும் மக்கள் மொழிகளைத் தாமே கற்றுக்கொண்டனர். 1898 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையின்படி அத்தீவுகள் அமெரிக்காவின் கைக்கு மாறின. 1901 ஜனவரியில் இயற்றப்பட்ட 74ஆம் எண் சட்டம் பொதுப் பள்ளிகளின் பாடமொழி ஆங்கிலம் என்று விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்னும் படைக்கப்பல் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்களை மணிலாவில் கொண்டுவந்து இறக்கியது. கப்பலின் பெயரை ஒட்டி அவர்களைத் ‘தாமசைட்’ என்றே மக்கள் அழைத்தனர்.

செவிலிப் பயிற்சியும் இவ்வலையிலேயே வந்து சேர்ந்தது. 1906இல் இலோய்லோ நகரில் அமெரிக்கப் புரோட்டஸ்டண்டு மறைபணியாளர் நடத்திய மருத்துவமனையில் நாட்டின் முதல் செவிலியர் பள்ளி எழுந்தது. அடுத்த ஆண்டு மணிலாப் பேராயர் ஜெரமாயா ஹார்ட்டியின் முயற்சியால், சார்த்தர் நகர்த் தூய பவுல் சபைக் கன்னியரின் பொறுப்பில் தூய பவுல் மருத்துவமனை தொடங்கியது. அதனுடன் பயிற்சிப் பள்ளியும் வளர்ந்தது. 1919இல் செவிலியர் சட்டம் நிறைவேறியது. 1920இல் நடந்த முதல் அரசுத் தேர்வை 93 பேர் எழுதினர். 68 பேர் தேறினர். நூல்கள் அமெரிக்க நூல்கள், பாடத்திட்டம் அமெரிக்கப் பாடத்திட்டம், மொழி ஆங்கிலம். நோயாளியிடம் மட்டும் தாய்மொழியில் பேசினர்.

இவ்விடத்தில் நம் யாழ்ப்பாணத்து வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1847இல் அங்கு வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் முதலில் ஆங்கிலத்திலேயே மாணவருக்குக் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசு வேலையையும் நகரங்களையும் நாடிப் போவதை அவர் கண்டார். 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். தமிழில் கற்றவன் தன் ஊரிலேயே தங்கி ஊராருக்கு மருத்துவம் செய்வான் என்பது அவர் கணக்கு. அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆனால் பயிற்சியின் மொழியே பயின்றவரின் பயணத்தையும் வகுத்துவிடுகிறது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். பிலிப்பைன்ஸ் செவிலியரின் கதை அக்கணக்கின் மறுபக்கம்.

1948இல் அமெரிக்கா ‘பரிமாற்ற வருகையாளர் திட்டம்’ ஒன்றைக் கொணர்ந்தது. வெளிநாட்டார் ஈராண்டுகள் வந்து பயின்று, அமெரிக்காவைப் பற்றிய நல்லெண்ணத்தோடு ஊர் திரும்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். பனிப்போர்க் காலத்துச் சிந்தனை. ஆள் பற்றாக்குறையால் தவித்த மருத்துவமனைகள் அதை வேறு வகையாகப் புரிந்துகொண்டன. பயிற்சி என்ற பெயரில் சிறு தொகை கொடுத்து முழுநேரச் செவிலியின் வேலையை வாங்கின. 1956 முதல் 1969 வரை 11,000க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் செவிலியர் இத்திட்டத்தில் அமெரிக்கா சென்றனர். 1965இல் குடிபுகல் சட்டம் திருத்தப்பட்டபின் நிலையாகத் தங்கும் வழியும் திறந்தது. அவ்வழியே கேரளத்துக் கிறிஸ்தவச் செவிலியரும் சென்றனர். அவர்கள் கணவரையும் உடன்பிறந்தாரையும் பின்னர் அழைத்துக்கொண்டது தனி வரலாறு.

நிலையாகத் தங்கிப் பதிவு பெற்ற செவிலியாகப் பணிசெய்ய, மாநிலங்கள் யாவும் பொதுவாக ஏற்றிருந்த உரிமத் தேர்வில் தேற வேண்டும். அத்தேர்வில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஐந்து பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேற வேண்டும். 1970களில் இதன் விளைவு அதிர்ச்சி தருவதாயிற்று. வெளிநாட்டில் பயின்று வந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரோ அதற்கும் குறைவானவரோதான் முதல் முறையில் தேறினர். தம் நாட்டில் அரசுத் தேர்வில் தேறி, வார்டுகளை நடத்திய பெண்கள் இவர்கள். தோற்றவர்களுள் பலர் செவிலி உதவியாளராக அமர்த்தப்பட்டனர். ஊதியம் உதவியாளருக்கு உரியது. வேலை பல இடங்களில் செவிலிக்கு உரியது. தொழில் விசாவில் வந்தவர்களுக்கோ தோல்வி என்பது நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் அச்சத்தையே தந்தது. பயணத்துக்குக் கடன் வாங்கியவள் எந்த முகத்தோடு ஊர் திரும்புவாள்?

ஏன் தோற்றனர்? ‘அவர்கள் கற்ற கல்வி தரம் குறைந்தது’ என்றனர் சிலர். அதில் சிறிதளவு உண்மை இருந்தது; மனநலச் செவிலியம் பல நாடுகளின் பாடத்திட்டத்தில் ஒரு மூலையில்தான் இருந்தது. எஞ்சியது மொழி. அதிலும் நூல்மொழியன்று, படுக்கையருகே புழங்கும் மொழி.

ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்களுக்கு ‘ஸ்டூல்’ என்றால் முக்காலி. வார்டில் அது மலம். ‘லேபர்’ என்றால் உழைப்பு. அங்கே பேறுகால வலி. ‘வாய்டு’ என்றால் வெறுமை. அங்கே சிறுநீர் கழித்தல். ‘டிஸ்சார்ஜ்’ நோயாளி வீடு திரும்புவதையும் குறிக்கும், புண்ணிலிருந்து சீழ் வடிவதையும் குறிக்கும். இவற்றையெல்லாம் பயிற்சிக் காலத்திலேயே கற்றுவிடலாம், கற்றும் விட்டனர். கற்க இயலாதவை வினாவின் கட்டுமானத்தில் இருந்தன. நான்கு விடைகளும் ஒருவகையில் சரியானவை. ‘முதலில்’ செய்ய வேண்டியது எது, ‘மிகவும் பொருத்தமானது’ எது, இவற்றுள் ‘அல்லாதது’ எது என்று வினா கேட்கும். நான்கு வரி நீளும் ஒரு தொடரின் நடுவில் அந்த ஒரு சொல் ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டவளுக்கு முழு வினாவும் தவறிப்போகும். அவளது செவிலிய அறிவு அங்கே கேட்கப்படவே இல்லை.

மொழிக்குள் பண்பாடும் ஒளிந்திருந்தது. நோயாளிக்கு எந்த உணவைத் தரலாம் என்ற வினாவில் வரும் உணவுகள் அமெரிக்கச் சமையலறையின் உணவுகள். இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அறுவைக்கு முன் அஞ்சி அழும் நோயாளியிடம் செவிலி என்ன சொல்ல வேண்டும்? மணிலாவிலாகட்டும் மதுரையிலாகட்டும், கையைப் பற்றிக்கொண்டு, ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்பாள். நம் தாய்மாரிடமிருந்து நாம் கற்ற முதல் செவிலியம் அது. அமெரிக்கத் தேர்வில் அது தவறான விடை. ‘பொய்யான ஆறுதல்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘எதை எண்ணி அஞ்சுகிறீர்கள், சொல்லுங்கள்’ என்று நோயாளியைப் பேசவிடுவதே அவர்களுக்குச் சரியான விடை. அதிலும் ஆழ்ந்த அறிவு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கைபற்றி ஆறுதல் சொன்னவளை அறியாதவள் என்று மதிப்பிடுவது வேறு, அந்நாட்டு மனங்களுக்கு அது பொருந்தாது என்று கற்பிப்பது வேறு. தேர்வு முதலாவதைச் செய்தது.

பிலிப்பைன்ஸ் செவிலியர் வாளாவிருக்கவில்லை. 1970களில் அவர்கள் அமைப்புகளாகத் திரண்டு, இத்தேர்வு வெளிநாட்டாருக்கு எதிராகச் சாய்ந்துள்ளது என்று வாதிட்டனர். தோற்றவர்களை வெளியேற்றக் கூடாது என்று கோரினர். அமெரிக்கச் செவிலியர் அமைப்புகள் கண்ட தீர்வு வேறு. 1977இல் வெளிநாட்டுச் செவிலியர் பட்டதாரிகளுக்கென ஓர் ஆணையத்தை நிறுவின. 1978 அக்டோபரில் அது தன் முதல் தேர்வை நடத்தியது. செவிலிய அறிவையும் ஆங்கில அறிவையும் தனித்தனியே சோதித்து, அமெரிக்காவுக்குப் புறப்படும் முன்பே, சொந்த நாட்டிலேயே வடிகட்டிவிடுவது அதன் முறை. இதைக் கடுமை என்றவர் உண்டு. என் கருத்தில் இது முன்னிருந்ததைவிட நேர்மையானது. இரு வினாக்களையும் இரு தாள்களாகப் பிரித்ததே ஒரு நன்மை. தோல்வியின் துயரம் அயல்நாட்டுத் தெருவில் அல்லாமல் தன் வீட்டில் நேர்ந்தது மற்றொன்று. ஆனால் உரிமத் தேர்வின் மொழிநடை மாறவில்லை.

1982இல் அவ்வுரிமத் தேர்வு புது வடிவம் பெற்று, இன்று உலகெங்கும் அறியப்படும் ‘என்கிளெக்ஸ்’ ஆயிற்று. 1994 முதல் அது கணிப்பொறியில் நடக்கிறது. எழுதுபவரின் விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடுமை கூடும் அல்லது குறையும். கடந்துவிட்ட வினாவுக்குத் திரும்ப முடியாது. விடை தராமல் தாண்டவும் முடியாது. புரியாத தொடரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பதுதான் அயல்மொழியில் தேர்வெழுதுவோர் எல்லாரும் கைக்கொள்ளும் உத்தி. அது இங்கே பறிபோயிற்று.

வினாவின் மொழியைத் திருத்தினால் என்ன என்று கேட்டவர்களுள் ஒருவர், மின்னசோட்டா மாநிலத்தில் தூய சூசையப்பர் சபைக் கன்னியர் நிறுவிய தூய கத்தரீன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த சூசன் போஷர். தம் கல்லூரிக்குச் செவிலியம் பயில வந்த குடியேறியோரின் பிள்ளைகள் வார்டில் நன்றாகப் பணிசெய்தும் தாளில் தோற்பதன் காரணத்தை அவர் தேடினார். 2003இல் வெளியிட்ட ஆய்வில், செவிலியத் தேர்வு வினாக்களில் பாடத்தோடு தொடர்பில்லாத மொழிச் சிக்கல்கள் மலிந்திருப்பதைக் காட்டினார். 2008இல் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து, அவ்வினாக்களை எளிய நடையில் திருத்தி மாணவரிடம் கொடுத்தபோது, திருத்திய வடிவமே நன்கு விளங்கியதாகப் பெரும்பாலும் அவர்கள் கூறினர். அவர் செய்தது மிக எளிய செயல். நீண்ட தொடரை இரண்டாக வெட்டினார். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கினார். பாதியில் தொங்கும் தொடரை நேரான கேள்வியாக்கினார். நோயின் பெயரையோ மருந்தின் பெயரையோ தொடவில்லை. நம் மொழியில் சொன்னால், ‘நேற்று அறுவை செய்யப்பட்டு இன்று காலை எழுந்து நடக்கப் பணிக்கப்பட்டிருக்கிற நோயாளியால் மயக்கம் உணரப்படுவதாகத் தெரிவிக்கப்படின் செவிலியால் முதற்கண் மேற்கொள்ளப்படத்தக்கது’ என்பதை, ‘நோயாளிக்கு நேற்று அறுவை நடந்தது. இன்று எழுந்து நடக்கும்போது மயக்கம் வருகிறது என்கிறார். செவிலி முதலில் என்ன செய்ய வேண்டும்?’ என்று எழுதுவது போல. முதல் வடிவத்தில் தமிழரான நமக்கே மயக்கம் வருகிறது.

இவ்வளவும் படித்து, மொழியைச் சோதிப்பதே அநீதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நோயாளியின் பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 15க்கும் 50க்கும் உள்ள வேறுபாடு கடைசி அசையில் இருக்கிறது; தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் மருந்தளவைக் கேட்பவளின் காது அந்த அசையைத் தவறவிட்டால் உயிர் போகும். 2008 பிப்ரவரியில் இங்கிலாந்தில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மருத்துவர் தம் முதல் பணிநாளில், வழக்கமான அளவைப்போல் 10 மடங்கு வலிமருந்தை ஊசியில் செலுத்த, நோயாளி இறந்தார். அம்மருந்து அவருக்குப் பழக்கமற்றது என்பது பெரிய காரணம். ஆனால் ஓரிடத்தில் ஆங்கிலம் போதாதென்று மறுக்கப்பட்ட அவர், வேறோரிடத்தில் பதிவு பெற்றிருந்தார் என்பதும் வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவர் என்பதால் அவருக்குப் பொதுவான மொழித்தேர்வு விதிக்கப்படவில்லை.

அதே ஆண்டுகளில் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற செவிலியர் நிலை என்ன? நான்காண்டு ஆங்கிலத்திலேயே பயின்றவர்கள் அவர்கள். அவர்களிடம் ‘ஐ.இ.எல்.டி.எஸ்.’ என்னும் தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 9க்கு 7 கேட்கப்பட்டது. எழுத்துப் பிரிவில் பொதுப் பொருள்கள் பற்றிய கட்டுரை எழுத வேண்டும். நோயாளி குறித்த குறிப்பு எழுத வேண்டியதில்லை. ஸ்பெயினிலிருந்தோ ருமேனியாவிலிருந்தோ வந்த செவிலியிடம் அது கேட்கப்படவில்லை. 2016 ஜனவரியில்தான் ஐரோப்பியரும் ஆங்கில அறிவைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. துறை ஒன்று, கேட்கப்படும் சொல் மட்டும் ஆளுக்கு ஆள் வேறாயிருந்தது.

பின்னர் நடந்தவற்றை ஆண்டு வரிசையில் பார்த்தாலே போதும். 2017இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆஸ்திரேலியச் செவிலியரே அத்தேர்வில் தவறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வாண்டு நவம்பரில், மருத்துவமனைச் சூழலை ஒட்டி ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ‘ஓ.இ.டி.’ தேர்வையும் பிரித்தானியச் செவிலியர் மன்றம் ஏற்றது. அதில் எழுத வேண்டியது, நோயாளியை ஒப்படைக்கும் கடிதம் போன்ற தொழில்சார் எழுத்து. 2018இன் இறுதியில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துப் பிரிவின் தேவை 7லிருந்து 6.5ஆகக் குறைந்தது. முன்னரே பிரித்தானியாவில் முதியோர் இல்லங்களில் உதவியாளராக உழைத்துக்கொண்டிருந்த இந்தியச் செவிலியர் பலர் தொடர்ந்து முறையிட்டனர். 2023 பிப்ரவரியில், அரை மதிப்பெண்ணில் தவறியவருக்கு, அவர் ஆங்கிலத்தில் பணிசெய்வதைப் பணியிடத்து மேலாளர் உறுதிசெய்தால் ஏற்கலாம் என்ற விதி வந்தது. ஒவ்வொரு தளர்வும் நியாயமானதே. ஆனால் இவை யாவும் மருத்துவமனைகளில் செவிலியர் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாயிருந்த ஆண்டுகளில் வந்தன. கை தேவைப்படும்போது காது இரக்கம் கொள்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, பதிவாகச் சொல்கிறேன்.

ஆங்கிலம் அல்லாத துறைகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஒப்பீட்டால் தெளிவு கூடும். 1960களில் கேரளத்துக் கத்தோலிக்க இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில், குருக்களின் வழிகாட்டுதலால், மேற்கு ஜெர்மனியின் திருச்சபை மருத்துவமனைகளுக்குச் சென்றனர். அவர்களுள் மிகப் பலர் செவிலியம் அறியாமலேயே சென்றவர்கள். அங்கேயே ஜெர்மன் மொழியும் செவிலியமும் சேர்த்துக் கற்று, அம்மொழியிலேயே தேர்வெழுதித் தேறினர். அழைத்தவர்களே மொழியைக் கற்பிக்கும் பொறுப்பையும் ஏற்றனர் என்பதே வேறுபாடு. 1970களின் பிற்பகுதியில் பணியனுமதி புதுப்பிக்கப்படாமல் பலர் திரும்ப நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். மொழி வந்துவிட்டால் மட்டும் துறை திறந்தே இருக்கும் என்பதில்லை.

ஜப்பான் வேறு வழியில் சென்றது. பொருளாதார உடன்படிக்கையின்படி 2008 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலிருந்தும் 2009இல் பிலிப்பைன்ஸிலிருந்தும், சொந்த நாட்டில் செவிலியராகத் தகுதி பெற்றவர்களை அழைத்தது. சில மாத மொழிப் பயிற்சி. பிறகு மூன்றாண்டுகளுக்குள் ஜப்பானியரோடு சேர்ந்து அதே தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியில் எழுதித் தேற வேண்டும். தேறாவிடில் திரும்ப வேண்டும். 2009இல் 82 பேர் எழுதினர், ஒருவர்கூடத் தேறவில்லை. அதே தேர்வில் மொத்தத் தேர்வர்களுள் பத்தில் ஒன்பது பேர் தேறியிருந்தனர். 2010இல் 254 பேர் எழுத மூவர் தேறினர்: இந்தோனேசியர் இருவர், பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர். ஆங்கிலத்தில் பயின்றதால் உலகின் பாதியில் கதவு திறக்கப்பெற்ற பிலிப்பைன்ஸ் செவிலியும் இங்கே சீன எழுத்துகளின் முன் எழுத்தறியாதவளாக நின்றாள்.

அந்நாட்டில் எழுந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட ஒரு சொல் உண்டு. படுக்கைப்புண்ணுக்கு ஜப்பானிய மருத்துவச் சொல் ‘ஜொகுசோ’. அதை எழுதும் சீன எழுத்துகளைச் சாதாரண ஜப்பானியரே வாசிக்கத் தடுமாறுவர். வீடுகளில் வழங்கும் சொல் ‘தொகோசுரே’. படுக்கையில் உராய்தல் என்று பொருள். ‘புண்ணை வராமல் தடுக்க அறிந்தவள் அந்த எழுத்தை அறியாததால் தோற்கலாமா?’ என்று ஒரு சாரார் கேட்டனர். ‘நோயாளியின் ஏட்டில் அந்த எழுத்துதானே இருக்கும், அதை வாசிக்கத் தெரியாதவளிடம் ஏட்டை எப்படிக் கொடுப்பது?’ என்று மறுசாரார் கேட்டனர். இரண்டும் நேர்மையான கேள்விகள். அரசு நடுவழி ஒன்றைக் கண்டது. மருத்துவச் சொற்களை நீக்காமல், 2011 முதல் நோய்ப்பெயர்களின் அருகே ஆங்கிலத்தையும் சேர்த்தது. பொதுச் சொற்களின் கடுமையைக் குறைத்தது. அவ்வாண்டு 398 பேரில் 16 பேரும், 2012இல் 415 பேரில் 47 பேரும் தேறினர். 2013இல் எழுத்துகளின் மேல் ஒலிக்குறிப்பும் கூடுதல் நேரமும் வழங்கினர். ஆனால் அவ்வாண்டு தேறியவர் 311 பேரில் 30 பேர்தாம். தாளைத் திருத்துவது ஒரு பகுதி வேலையே. பகலெல்லாம் வார்டில் உழைத்துவிட்டு இரவில் மொழி படிப்பவளுக்குப் பகலில் சில மணிநேரம் விட்டுக்கொடுப்பது மற்றொரு பகுதி. அது ஒவ்வொரு மருத்துவமனையின் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் செவிலியப் பட்டப்படிப்பின் பாடமொழி ஆங்கிலம். தமிழ்வழிப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்து, பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தோடு செவிலியர் கல்லூரி விடுதிக்கு வந்துசேரும் கிராமத்துப் பெண்ணுக்கு, முதலாண்டின் உடற்கூறு நூலே யோர்தான். சீனச் சுவர் போன்ற அச்சொற்களை மனப்பாடம் செய்தே அவள் கடக்கிறாள். பலரும் கடந்துவிடுகின்றனர், மொழிக்காகவே ஓராண்டை இழந்தவரும் உண்டு. வார்டுக்குள் வந்ததும் திசை மாறுகிறது. அங்கே நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் அவள் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கற்றதை உழவரும் மீனவரும் விளங்கிக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். அந்தத் தமிழை அவளுக்கு யாரும் கற்பிப்பதில்லை. எந்தத் தாளிலும் அதற்கு மதிப்பெண் இல்லை. தேர்வில் அவள் எழுதியது ‘டெக்குபிட்டஸ் அல்சர்’. கட்டிலருகே நிற்கும் மகளிடம் அவள் சொல்வது: “ஒரே பக்கமா படுத்திருந்தா படுக்கைப்புண் வந்திடும்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைத் திருப்பிப் படுக்க வையுங்க. தனியா தூக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க.”